சொல்லிச் செய்யும் வில்லுக்குப் பிடி எப்படி இருக்க வேண்டும்?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வார இறுதியில் ஏற்காட்டில் மாமாவின் காப்பித் தோட்டத்தில் அம்பு விடுவாராம். கையில் இருப்பது ரெடிமேடாக வாங்கிய 62 அங்குல டேக்டவுன் ரெக்கர்வ் (கழற்றி மாட்டக்கூடிய, முனைகள் வெளிப்பக்கம் வளைந்த வில்), 45 பவுண்டு (நாணை இழுக்க வேண்டிய விசை, இதைத்தான் வில்லின் எடை என்பார்கள்). கொஞ்ச நேரம் விட்டதுமே கட்டைவிரலின் அடிச்சதை வலிக்கிறது, மணிக்கட்டு சோர்ந்து போகிறது. அதனால் அளவு கொடுத்துத் தன் கைக்கென்றே ஒரு வில் செய்து வாங்கலாம் என்று இருக்கிறார். லாங்போவா (முனை வளையாத நீள வில்) ரெக்கர்வா, என்ன மரம், தோல் சுற்றலாமா, பிடி இதமாக இருக்க வில் செய்பவரிடம் என்ன சொல்லிக் கேட்பது என்பதுதான் கேள்வி. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், வலதுகைக்காரர் என்றும் சொல்லியிருக்கிறார். நல்லது, அந்த விவரம் வேண்டியிருக்கும்.

தம்பி, முன்பணம் இன்னும் அனுப்பவில்லை என்றால் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். இதமான பிடி என்றதும் எல்லோரும் கைக்கு நிறைவாக, உள்ளங்கை முழுக்கப் பொருந்துகிற ஒன்றைத்தான் நினைக்கிறார்கள். சும்மா கையில் எடுத்துப் பார்க்கும்போது அது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் நாணை முழுக்க இழுத்தபின் அந்த நாற்பது சொச்சம் பவுண்டும் கையின் எந்த இடத்தில் வந்து அழுத்துகிறது, அடுத்த அம்புக்கும் நீங்கள் யோசிக்காமலே அதே இடத்தில் வந்து அழுத்துகிறதா என்பதை வைத்துத்தான் ஒரு பிடி உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்ல முடியும். அதைக் கண்டுபிடிக்கப் புது வில் தேவையில்லை, இருக்கிற வில்லே போதும்.

அதற்கும் முன்னால், குற்றவாளி பிடிதானா என்று பார்த்துவிடுவோம். வலி எப்போது வருகிறது என்று கவனியுங்கள். இழுக்க ஆரம்பிக்கும்போதே கை இறுகி விரல்கள் வில்லை நெரிக்கின்றன என்றால் அது எடைப் பிரச்சினை, எவ்வளவு அழகான பிடி செய்து வாங்கினாலும் போகாது. இழுத்து நிறுத்தியிருக்கும்போது கட்டைவிரல் அடியோ மணிக்கட்டின் மேல்பக்கமோ வலித்தால், உங்கள் மணிக்கட்டு நிற்க விரும்பும் கோணமும் பிடியின் சரிவும் ஒத்துப்போகவில்லை; இதுதான் உண்மையான பிடிப் பிரச்சினை. அம்பு போன பிறகு முழங்கை வரைக்கும் ஒரு உதறல் வந்து, அதுவே மறுநாள் வரை வலியாகத் தங்குகிறது என்றால் பெரும்பாலும் அம்பு எடை போதவில்லை. மெல்லிய கார்பன் அம்பு வேகமாகப் போகிறது என்று ஆசைப்பட்டு வாங்கிவிடுகிறோம், அது எடுத்துக்கொள்ளாத விசை எல்லாம் லிம்பிலும் (வில்லின் வளையும் பகுதி) கையிலும்தான் மிஞ்சுகிறது. மர வில்லுக்கோ மரமும் ஃபைபர் கிளாசும் ஒட்டிய வில்லுக்கோ பவுண்டுக்கு 9 கிரெயின், முடிந்தால் 10 கிரெயின் எடையுள்ள அம்பு வேண்டும். 40 பவுண்டு இழுக்கிறீர்கள் என்றால் 360 கிரெயின், அதாவது ஏறக்குறைய 23 கிராம். செவ்வாய்ப்பேட்டையில் தெரிந்த வெள்ளிப் பட்டறை ஏதாவது இருந்தால் அவர்கள் தராசில் ஒரு அம்பை வைத்துப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. எடை குறைந்தால் முனையை மட்டும் கனமானதாக மாற்றிவிட்டு, அம்பு நேராகப் போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முனை கனத்தால் அம்பின் ஸ்பைன், அதாவது வளையாமல் நிற்கும் விறைப்பு, தளர்ந்து நடந்துகொள்ளும்.

இப்போது எடை. வில்லில் எழுதியிருக்கும் 45 பவுண்டு என்பது 28 அங்குல இழுப்பில் எடுத்த அளவு. அந்த இழுப்பை நாணிலிருந்து பிடியின் மிக ஆழமான இடம் வரை அளந்து, அதோடு ஒன்றே முக்கால் அங்குலம் கூட்டிச் சொல்வது வில் தொழிலில் உள்ள வழக்கம். உங்களுடைய இழுப்பு என்னவென்று உத்தேசமாகத் தெரிய, இரண்டு கையையும் விரித்து நடுவிரல் நுனியிலிருந்து நுனி வரை அளந்து இரண்டரையால் வகுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உயரத்துக்குக் கைவிரிப்பு 65 அங்குலம் என்று வைத்தால் 26 வரும். அங்குலத்துக்கு இரண்டு முதல் மூன்று பவுண்டு வரை ஏறும் இறங்கும், ஆக உங்கள் விரலில் நிற்பது நாற்பதுக்குப் பக்கம்தான். அதற்கே கை இறுகுகிறது என்றால் புது வில்லை "26 அங்குலத்தில் 35 பவுண்டு" என்று கேளுங்கள். அங்குலத்தைச் சொல்லாமல் பவுண்டை மட்டும் சொன்னால் வில் செய்பவர் 28 என்றே எடுத்துக்கொள்வார், பிறகு யாரையும் குறை சொல்ல முடியாது.

பவுண்டைக் குறைத்துச் சொல்ல நம் பக்கத்துப் பையன்களுக்கு வெட்கம் என்று எனக்குத் தெரியும். பக்கத்துக் கொல்லிமலையில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்தான் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஓரிக்கு வேறு வேலை இல்லை, உங்களுக்குத் திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது. 35 பவுண்டு வில்லில் இருபது கஜத்தில் அட்டைப் பலகையைத் துளைக்கத் தாராளமாக முடியும். உங்களுடையது டேக்டவுன் என்பதால், முழு வில்லுக்கும் செலவு செய்வதற்கு முன் எடை குறைந்த ஒரு ஜோடி லிம்ப் மட்டும் வாங்கிப் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். வலி அதிலேயே போய்விட்டால் ஒரு பெரிய தொகை மிச்சம்.

போகவில்லை என்றால் கையைப் பார்ப்போம். வில்லைப் பிடிக்கிற இடது உள்ளங்கையைத் திறந்தால் கட்டைவிரல் மேட்டைச் சுற்றி வளைந்து இறங்குகிறதே ஆயுள் ரேகை, அதுதான் எல்லை. பிடியின் அழுத்தம் முழுவதும் அந்த ரேகைக்குக் கட்டைவிரல் பக்கம் இருக்க வேண்டும். ரேகையைத் தாண்டிச் சுண்டுவிரல் பக்கச் சதையிலும் பிடி உட்கார்ந்தால், நாணை விட்டதும் வில் கையிலேயே ஒரு முறுக்கு முறுக்கும், அம்பு இடதும் வலதுமாகச் சிதறும், முறுக்கத்தை அடக்க நீங்கள் இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள், வலி அங்கேதான் பிறக்கிறது. இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிடியில் சாக்பீஸ் தூளையோ முகத்துக்குப் போடும் பவுடரையோ மெல்லிதாகப் பூசுங்கள். கையைத் துடைத்து உலர்த்திவிட்டு வழக்கம்போல ஒரே ஒரு அம்பு விடுங்கள், விட்டதும் கையைத் திருத்திக்கொள்ளாமல் அப்படியே எடுத்துப் பாருங்கள். வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறது? கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள கவையிலிருந்து கட்டைவிரல் மேட்டின் உள்ளோரமாக ஒரு பட்டையாக இறங்கியிருந்தால் சரி. உள்ளங்கை நடுக்குழியிலும் சுண்டுவிரல் பக்கத்திலும் ஒட்டியிருந்தால் பிடி உங்கள் கைக்குத் தடிமன், அல்லது நீங்கள் கையை ரொம்ப உள்ளே நுழைக்கிறீர்கள். கையைக் கொஞ்சம் வெளியே திருப்பி, விரல் முட்டிகள் வில்லுக்குச் சாய்வாக, கிட்டத்தட்ட 45 டிகிரியில் நிற்கும்படி வைத்து இன்னொரு அம்பு விட்டுப் பாருங்கள். பல பேருக்கு இந்த ஒரு திருத்தத்திலேயே பாதி வலி போய்விடுகிறது. நாலைந்து தடவை செய்யும்போது தூள் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் ஒட்டினால் அதுவும் ஒரு தகவல்: இந்தப் பிடி உங்கள் கைக்கு வழி காட்டவில்லை, கை ஒவ்வொரு முறையும் இடம் தேடுகிறது.

அடுத்தது மணிக்கட்டின் உயரம். பிடிகளை உயரம், நடுத்தரம், தாழ்வு என்று மூன்றாகச் சொல்வார்கள். உயரப் பிடியில் மணிக்கட்டு முன்கையோடு நேராக நின்று, கவைப்பகுதி மட்டும் வில்லைத் தொடும். தொடும் இடம் சிறியதாக இருப்பதால் முறுக்கம் குறைவு, ஆனால் மணிக்கட்டைத் தசைதான் தாங்கிக்கொண்டிருக்கும், எடை கூடினால் சீக்கிரம் சோர்ந்துவிடும். தாழ்ந்த பிடியில் மணிக்கட்டு பின்னால் மடங்கி, கட்டைவிரல் மேட்டின் அடிப்பாகம் வரை பிடியில் சாய்ந்துகொள்ளும். எலும்பு தாங்குவதால் சோர்வு குறைவு, கனமான வில்லுக்கும் ஏற்றது. ஆனால் அடிக்கையால், அதாவது மணிக்கட்டை ஒட்டிய உள்ளங்கையால், ஒரு தடவை அழுத்தமாகவும் ஒரு தடவை லேசாகவும் தள்ளினால் அம்பு மேலும் கீழுமாகப் போகும். நடுத்தரம் இரண்டுக்கும் இடையில். உங்கள் கை எந்த வகை என்று தெரிய, ஒரு கதவு நிலையின் முன்னால் வில் பிடிக்கிற மாதிரி நின்று, விரல்களைத் தளரவிட்டு, இடக்கையால் நிலையின் விளிம்பை மெதுவாகத் தள்ளுங்கள். தள்ளத் தள்ள மணிக்கட்டு தானாக எந்தக் கோணத்துக்குப் போய் நிற்கிறதோ அதுதான் உங்கள் கோணம். கண்ணை மூடிச் செய்தால் இன்னும் நல்லது. நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால் உங்கள் மணிக்கட்டு தாழ்வாக நிற்க விரும்புகிறது, இப்போதுள்ள பிடி அதை உயரத்தில் நிறுத்துகிறது என்று நினைக்கிறேன். தூக்கி நிறுத்தியே பழகி மணிக்கட்டு சோர்கிறது, சோர்ந்ததும் மடங்குகிறது, மடங்கினதும் பிடியின் ஓரம் கட்டைவிரல் சதையில் குத்துகிறது.

இது சரியா என்று சோதிக்க எம்-சீல் வாங்குங்கள். குழாய் ஒழுகினால் அடைக்கிற அதே எம்-சீல்தான். பிடியின் மேல் முதலில் பாலித்தீன் தாளை இறுக்கமாகச் சுற்றிவிடுங்கள், அப்போதுதான் பிறகு கழற்ற வரும், வில்லின் வார்னிஷும் பிழைக்கும். இரண்டு களிம்பையும் ஒரே நிறம் வரும்வரை பிசைந்து, பிடியின் ஆழமான கழுத்துப் பகுதியைத் தொடாமல், அதற்குக் கீழே உள்ள சரிவில் மட்டும் ஒரு மேடு மாதிரி அப்புங்கள். பிசையும்போது கையில் ஒரு உறை போட்டுக்கொள்ளுங்கள், சிலருக்குத் தோல் அரிக்கும். கையையும் ஒரு பாலித்தீன் பையில் நுழைத்துக்கொண்டு, களிம்பு இறுகுவதற்குள், வில்லை முஷ்டியாகப் பிடிக்காமல், கதவு நிலையைத் தள்ளிய அதே கோணத்தில் தள்ளி அழுத்துங்கள். விரல்களின் அச்சு விழுந்திருந்தால் அதை வழித்து எடுத்துவிடுங்கள். விரலுக்கு விரல் பள்ளம் வைத்த பிடி பார்க்க ஜோராக இருக்கும், ஆனால் அது கையை இறுக்கிப் பிடிக்கவே சொல்லித்தரும். ராத்திரி முழுக்க விட்டுவிட்டால் மறுநாள் கல் மாதிரி இருக்கும். அரத்தால் ஓரங்களைத் தட்டி, உப்புத்தாளால் தேய்த்து, பாலித்தீனோடு சேர்த்து ஒரு சுற்று டேப் ஒட்டி, விட்டுப் பாருங்கள். அதிகம் என்றால் அராவுங்கள், குறைவு என்றால் இன்னும் கொஞ்சம் அப்புங்கள். நாலைந்து வாரம் இதோடு பழகிய பிறகும் கை வலிக்கவில்லை என்றால், அந்தக் கட்டியைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள், வில் செய்பவருக்கு அனுப்ப அதைவிட நல்ல அளவு கிடையாது. நண்பர் யாரிடமாவது பிடியை மட்டும் மாற்றுகிற உலோக ரைசர் (வில்லின் நடுத்தண்டு) இருந்தால் இன்னும் சுலபம், உயரம் தாழ்வு என்று பிளாஸ்டிக் பிடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஏற்காட்டிலேயே இந்தச் சோதனையைச் செய்வதில் ஒரு லாபம் இருக்கிறது. சமதளத்தில் நன்றாக இருக்கிற பிடி சரிவில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். தோட்டத்தில் மேல் வரிசையில் நின்று கீழே உள்ள இலக்குக்கு விடும்போது பெரும்பாலோர் கையை மட்டும் இறக்குகிறார்கள், உடனே மணிக்கட்டின் கோணம் மாறி அழுத்தமும் இடம் மாறிவிடுகிறது. முதலில் நேராக நின்று இழுப்பதுபோல் தோளை அமைத்துக்கொண்டு, பிறகு இடுப்பிலிருந்து சாய வேண்டும். அப்படிச் சாய்ந்தும் பிடி கையில் நகர்கிறது என்றால் கழுத்து உங்கள் கவைக்கு அகலமாக இருக்கிறது என்று அர்த்தம். மேல்நோக்கியும் விட்டுப் பாருங்கள். இலக்குக்குப் பின்னால் மண் மேடு இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். காப்பிச் செடிக்குள் போன அம்பைத் தேடுவதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையே போய்விடும், அதைவிட முக்கியம், அங்கே ஆள் நடமாட்டம் உண்டு.

இனி, "வில் வந்த பிறகு பிடியை நானே செதுக்கிக்கொள்கிறேன்" என்று ஒரு எண்ணம் இருந்தால், அதில் ஒரு எல்லை உண்டு. பிடி வெறும் கைப்பிடி கிடையாது, வில்லின் கணக்கே அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. கழுத்தின் ஆழத்தில் கால் அங்குலம் செதுக்கி எடுத்தால் உங்கள் கை அந்த அளவுக்கு வில்லுக்குள் போகிறது, நாண் அந்த அளவுக்குக் குறைவாக இழுபடுகிறது, எடை அரை பவுண்டு முக்கால் பவுண்டு இறங்கும். அதே இடத்தில் தடிமன் ஏற்றினால் எடை ஏறும், நாணும் மணிக்கட்டுக்குக் கிட்டே வந்து முன்கையில் அடிக்க ஆரம்பிக்கும். தாழ்ந்த பிடியில் அடிக்கை அழுத்துவதால் கீழ் லிம்புக்குச் சுமை கூடும், அதற்குத் தக்கபடி வில் செய்பவர் டில்லரை, அதாவது நாணுக்கும் இரண்டு லிம்புக்கும் உள்ள இடைவெளியின் வித்தியாசத்தை, வைக்க வேண்டும். அம்புக்கு மேலே ஒரு விரலும் கீழே இரண்டு விரலும் வைத்து இழுக்கிறவருக்கு மேல் லிம்பின் இடைவெளி கீழ் லிம்பைவிட அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு முதல் கால் அங்குலம் வரை கூடுதலாக இருப்பது வழக்கம். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைக்கிறவருக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக வைப்பார்கள். ஆகவே எப்படிப் பிடிக்கிறீர்கள், எப்படி இழுக்கிறீர்கள் இரண்டையும் அவர் லிம்பைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கழுத்துக்குக் கீழே உள்ள சரிவையும் பக்கவாட்டு விளிம்பையும் பிறகு நீங்கள் தேய்த்துக்கொள்ளலாம், அதில் ஒன்றும் கெடாது.

லாங்போவா ரெக்கர்வா என்ற கேள்விக்கு வருகிறேன். வலியைப் போக்குவதுதான் முதல் நோக்கம் என்றால் ரெக்கர்வ், அல்லது ரெக்கர்வ் மாதிரி பிடி வைத்த லாங்போ. வளைந்த பிடியில் கழுத்து ஆழமாக இருப்பதால் கை தானாக ஒரே இடத்தில் போய் உட்காரும், ரைசரும் கனமாக இருப்பதால் உதறல் கையில் குறைவாகத் தெரியும். பழைய பாணி லாங்போவில் பிடி நேராக இருக்கும், லேசாகக் குழித்திருந்தால் உண்டு. 1930-களிலிருந்து அந்த வகை வில்லில் பேர் வாங்கிய அமெரிக்கர் ஹோவர்ட் ஹில்லின் வழியில் விடுகிறவர்கள் அதைத் துணிப்பெட்டியின் கைப்பிடியைப் பிடிப்பதுபோல, அடிக்கை பிடியில் பதியும்படி, ஓரளவு உறுதியாகவே பிடிப்பார்கள். அதற்கென்று ஒரு பழக்கம் வேண்டும். ரெக்கர்வில் பழகிய கையை அதில் வைத்தால் முதல் கொஞ்ச நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் நடுவில், நேர்ப் பிடியின் கழுத்தில் சின்னக் குழி மட்டும் வைத்துக் கேட்கலாம், பல பேர் செய்து தருவார்கள். குதிரைமீதிருந்து விடுவதற்கான குதிரை வில் பக்கம் மனம் போனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அதில் அம்பு வைக்க ஷெல்ஃப் கிடையாது, அம்பு உங்கள் கைமீதே உட்கார்ந்து போகும். இறகின் முன்முனையில் நூல் சுற்றிப் பசை தடவி வழவழப்பாக்காவிட்டால் அந்த இறகுத்தண்டு ஆள்காட்டி விரல் முட்டியைக் கிழித்துவிடும். பிடி எவ்வளவு இதமாக இருந்து என்ன பயன்!

உங்கள் 26 அங்குல இழுப்புக்கு ரெக்கர்வ் என்றால் 58 அல்லது 60 அங்குலமே போதும், லாங்போ என்றால் 64 முதல் 66. இதைவிடக் குட்டையாகக் கேட்டால் நாணின் கோணம் கூராகி விரல்களை நெருக்கும்.

தடிமன் பற்றிக் கேட்டால் மெலிந்த பக்கமே நில்லுங்கள். வெளிநாட்டு வில்களின் பிடி நம் ஆட்கள் பலருக்குக் கொஞ்சம் பருமன். கழுத்தில் அகலம் ஒரு அங்குலத்துக்கு முன்பின் இருந்தால் சராசரிக் கைக்குச் சரியாக வரும். மெலிந்தால் அழுத்தம் ஒரே கோட்டில் விழும் என்பது உண்மைதான், ஆனால் மெலிந்ததற்குத் தோல் சுற்றிப் பருமனாக்கலாம். பருமனாக வந்த மரத்தை மெலியவைப்பது வேலை. தோல் சுற்றும்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இரண்டு மில்லிமீட்டர் தோல் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து நாலு மில்லிமீட்டர் அகலம் ஏறிவிடும். கைக்கு அது நன்றாகவே தெரியும். ஆகவே தோல் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி, மரத்தை அந்த அளவுக்கு மெலிதாக்கச் சொல்லுங்கள்.

சுற்ற வேண்டுமா என்றால், சேலத்து வெயிலுக்குச் சுற்றலாம் என்பேன். சித்திரை வைகாசியில் நாலு அம்பு விடுவதற்குள் உள்ளங்கை நனைந்துவிடுகிறது, கண்ணாடி மாதிரி பளபளக்கும் பாலிஷ் போட்ட பிடியில் கை வழுக்குகிறது, வழுக்கினால் இறுக்குகிறோம், கதை மறுபடி முதலிலிருந்து. பளபளப்பு இல்லாத மேட் பூச்சோ எண்ணெய்ப் பூச்சோ கேளுங்கள், குறைந்தது பிடிப் பகுதிக்காவது. தோல் என்றால் மரப்பட்டையில் பதனிட்டது நல்லது; திண்டுக்கல், திருச்சிப் பக்கம் ஆவாரம்பட்டையில் பதனிட்ட காலத்திலிருந்து அந்தத் தொழில் இருக்கிறது, ஒரு கையகலத் துண்டு தேடிப் பிடிப்பது கஷ்டமில்லை. வியர்வையில் கறுக்கும், கறுத்தால் கறுக்கட்டும். உட்புறம் வெளியே வருகிற மாதிரி சொரசொரப்பாகச் சுற்றினால் பிடிமானம் கூடுதல். நுரை ரப்பர், பேட்மின்டன் மட்டைக்குச் சுற்றும் டேப் இதெல்லாம் வேண்டாம். அழுத்தினால் அமுங்குகிற எதுவும் ஒவ்வொரு முறையும் வேறு அளவில் அமுங்கும்.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாக: பிடியின் சுகத்துக்கும் மரத்தின் பெயருக்கும் பெரிய சம்பந்தமில்லை. ரைசர் கனமாக இருந்தால் கை நிலைக்கும், அவ்வளவுதான். மாமா தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கை அறுத்து ரைசர் செய்யலாமா என்று தோன்றும். அது இதற்கு மென்மை. தேக்கு நல்ல மரம், எண்ணெய்ப் பசை உள்ளதால் ஒட்டுவதற்கு முன் அசிட்டோனால் துடைக்க வேண்டும், அனுபவமுள்ளவருக்கு அது தெரிந்திருக்கும். ஈட்டி மரம் (ரோஸ்வுட்) அருமையான கனம், ஆனால் நிற்கிற மரத்தைத் தொட நினைக்காதீர்கள், அதைக் காப்பாற்றவே தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக வந்தது. தாத்தா காலத்து உடைந்த கட்டில் கால், பீரோச் சட்டம் ஏதாவது ஈட்டியில் கிடந்தால் அதைக் கொடுங்கள். நன்றாக உலர்ந்த மரமாகவும் இருக்கும், வீட்டு மரம் என்ற ஒரு சந்தோஷமும் இருக்கும். லிம்புக்குள் மூங்கில் வைத்துக் கேட்டால் தப்பே கிடையாது.

வில் செய்பவருக்கு என்ன அனுப்புவது? எம்-சீல் கட்டி. இடக்கையை வெள்ளைத்தாளில் வைத்து விரல் விரித்து வரைந்த படம். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரையும், நாலு விரல் முட்டிகளின் குறுக்கேயும் எடுத்த அளவு. இப்போதுள்ள வில்லின் கழுத்துச் சுற்றளவு, அது பருமனா மெலிவா என்ற உங்கள் கருத்து. முழு இழுப்பில் பக்கவாட்டிலிருந்து எடுத்த போட்டோ. இதையெல்லாம் பார்த்துவிட்டு அவர் "எங்கள் பிடி எல்லோருக்கும் பொருந்தும்" என்று பதில் போட்டால் வேறு ஆளைப் பாருங்கள். நல்லவர் என்றால் உங்களையே திருப்பிக் கேள்வி கேட்பார்: எப்படி இழுக்கிறீர்கள், என்ன அம்பு, கையுறை போடுவீர்களா, முன்பு கையில் அடிபட்டிருக்கிறதா. நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியவை, சொன்ன எடையிலிருந்து எத்தனை பவுண்டு முன்பின் ஆகலாம், லிம்ப் பிளந்தால் என்ன செய்வார், பிடிப் பகுதியை மட்டும் கடைசிப் பூச்சு போடாமல், சரிவிலும் விளிம்பிலும் சற்றுத் தடிமனாக விட்டு அனுப்புவாரா. இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்பவர் கிடைத்தால் கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. சொன்ன தேதிக்கு வராது என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கையால் செய்கிற எவரும் சொன்ன தேதிக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

டேக்டவுனாகவே கேட்பது நல்லது. கூரியரில் நீளமான பார்சல் படும் பாடு உங்களுக்குத் தெரியும், பிரித்து வைத்தால் பைக்கிலும் மலை ஏற்றிக்கொண்டு போகலாம். காரில் போனால் வெயிலில் மூடிய காருக்குள் வில்லை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், அந்தச் சூட்டில் ஒட்டுப்பசை இளகி லிம்ப் பிளந்துகொள்ளும். ஒரே மரத்தில் செய்த வில் என்றால் ஏற்காட்டுப் பனிமூட்டத்தின் ஈரமும் அதற்கு ஆகாது, எடை இறங்கும். வீட்டுக்கு வந்ததும் நாணை இறக்கிப் படுக்கையாக வையுங்கள். இன்னொன்று, தோட்டத்தை ஒட்டிக் காப்புக்காடு இருந்தால் வில்லோடு அந்தப் பக்கம் போகவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முயலும் வரும். "சும்மா கையில் வைத்திருந்தேன்" என்பது வனத்துறையிடம் எடுபடாது.

வில் வந்து சேர்ந்ததும், பூச்சுப் போடாத அந்தப் பிடியோடு, தோலும் சுற்றாமல், ஒரு மாதமாவது விடுங்கள். சாக்பீஸ் தூள் சோதனையை மறுபடி செய்யுங்கள். எங்கே உறுத்துகிறதோ அங்கே பென்சிலால் குறித்து, 120 உப்புத்தாளால் கொஞ்சமாகத் தேய்த்து, மறுபடி விட்டுப் பார்த்து, மறுபடி தேய்த்து, கழுத்தின் ஆழத்தை மட்டும் தொடாமல் விட்டு, உறுத்தல் நின்றதும் 240, 400 என்று நைசாக்கி, துணியில் டங் எண்ணெய் (மரத்துக்குப் பூசும் ஒரு விதை எண்ணெய்) தொட்டு மெல்லிதாக மூன்று பூச்சு போடுங்கள், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், விரித்துக் காயவைத்து எறியுங்கள், சுருண்டு கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். தோல் வேண்டுமா என்று அதன்பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.